மாமா நிறுத்திவிடும் இடம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. ஷிஃப்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த அவரால் எனக்குத் தலை பின்னிவிட முடியவில்லை. முழுப்பரீட்சை லீவு தொடங்கியதும் என்னை ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஒற்றை அறை வீட்டில் மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் பாயை விரித்துக்கொண்டு படுத்தவள் நான். இருவரும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இன்றைக்கு நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பகல் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து எதிர்மாடிக் குரங்குகளைப் பார்ப்பதுதான் என் வேலை. மாமா வடக்கு வாசல் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து, குரங்குகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பென் டிரைவில் வாங்கிவந்தார். தமிழில் பேசும் படம். “குழந்தைங்களோட உக்காந்து பாக்கலாமாம் பாப்பா” என்று சொல்லி டிவியில் செருகினார்.

அதில் ஒரு தாய்க் குரங்கும் அதன் குட்டியும் வந்தன. பின்னணியில் ஒருவர் கனத்த குரலில், “இதோ, உணவைத் தேடிப் புறப்படுகிறது” என்று மேடைத் தமிழில் பேசுவார். அந்தக் குரல் மாமாவுக்கும் பிடித்துப்போயிற்று. சாப்பாட்டு நேரத்தில், “இதோ, பாப்பா இரண்டாவது இட்லியை நெருங்குகிறாள்” என்பார். நான் சிரித்துக்கொண்டே மூன்றாவதையும் தின்றுவிடுவேன்.

மாமா மதியச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் படத்தைப் போடுவார். ஆனால் மழை பிடித்து ஆற்றில் தண்ணீர் ஏறுகிற இடம் வந்ததும் ரிமோட்டை எடுத்துவிடுவார். “போதும், கண்ணு கெட்டுப்போயிடும்.” மறுநாளும் முதலிலிருந்து ஓடி, அதே மழையில் நிற்கும். அதற்குப் பிறகு படமே இல்லைபோல என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் அத்தை துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன நேரத்தில் நானே ரிமோட்டை எடுத்தேன். மழை வந்தது. யாரும் நிறுத்தவில்லை. வெள்ளம் பெருகியது. குட்டியைக் கிளையில் ஏற்றிவிட்ட தாய்க் குரங்கு, கால் வழுக்கித் தண்ணீரில் போயிற்று. குட்டி மட்டும் கிளையைப் பிடித்துக்கொண்டு கத்தியது. டிவியை அணைத்துவிட்டேன்.

அம்மாவைப் பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். மாமா எதை மறைத்தார் என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டதாகத் தோன்றியது. அவர் சாப்பிட வந்ததும் நேராகவே கேட்டேன்.

“எங்கம்மா செத்துட்டாங்களா மாமா?”

மாமா எழுந்துவிட்டார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்க, என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். காவிரிப் பாலம் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

வாசலில் காவலாளி தடுத்தார். “சின்னப் பிள்ளைங்கள விடமாட்டோம் சார்.” மாமா கெஞ்சினார். “ஒரே ஒரு நிமிஷம்ங்க. அவங்கம்மா உயிரோட இருக்காங்கன்னு கண்ணால பாத்துட்டா போதும்ங்க.” அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே உள்ளே போய் ஒரு நர்ஸிடம் சொன்னார். அந்தக் காவலாளியின் பெயர் எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, நர்ஸின் தோளில் சாய்ந்து, வார்டு கதவு வரைக்கும் நடந்துவந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் அம்மாதான். நான் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு குரங்கு, வெள்ளம், கிளை எல்லாவற்றையும் அழுகையோடு சொல்லி முடித்தேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தாள். “நீ முழுசாப் பாத்தியாடா?”

“இல்லக்கா. அந்த எடத்துலயே நிறுத்திட்டேன்.”

“ரெண்டு பேரும் போயி மீதியப் பாருங்க. பாத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லணும்.”

மறுநாள் காலையில் மாமா கடையைத் திறக்கவில்லை. நானும் அவரும் அத்தையும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். வெள்ளம் வடிந்தது. குட்டி கிளையிலேயே இருந்தது. கூட்டத்துக் குரங்குகள் ஒவ்வொன்றாக அதைக் கடந்துபோயின. கடைசியில், முழுதாக வளராத பெண் குரங்கு ஒன்று வந்தது. குட்டியின் அக்காவாம். அதற்குத் தூக்கத் தெரியவில்லை. முதலில் தலைகீழாகப் பிடித்தது. குட்டி கத்தியது. மறுபடியும் திருப்பிப் பிடித்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு மரம் தாவிற்று.

மாமா எழுந்து குளியலறைக்குள் போனார். குழாய் நெடுநேரம் ஓடியது. அத்தை டிவி சத்தத்தைக் கூட்டினாள். நான் கதவைத் தட்டினேன். “மாமா, பயப்படாதீங்க, வாங்க! நல்லாத்தான் முடியுது. அக்கா தூக்கிக்கிச்சு!”

“கேட்டுச்சு பாப்பா” என்றார் உள்ளிருந்து.

அடுத்த மாதம் அம்மா வீட்டுக்கு வந்தாள். குரங்குப் படத்துக்குப் பயந்து மாமா குளியலறையில் ஒளிந்துகொண்டார் என்று நான் கோள் சொன்னபோது, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, “அவனக் கிண்டல் பண்ணாத” என்றாள்.

அவர்களுடைய அம்மா இறந்தபோது மாமாவுக்கு இரண்டு வயது, அம்மாவுக்குப் பதினொன்று என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே அம்மா சமைத்தாளாம், அவனை வகுப்பு வாசலில் உட்காரவைத்துவிட்டுப் பாடம் படித்தாளாம். எனக்காகத்தான் மாமா படத்தை நிறுத்துகிறார் என்று அந்த லீவு முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு இருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.