ஸ்டெல்லா மேடம் கம்ப்யூட்டரில் நான் வைத்த பட்டன்கள்

1. வராதவர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். விண்டோஸ் 95 வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். ஒரு நவம்பர் மாதப் பிற்பகலில், தகடுகளை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு பேர் மெஷினை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். 'தாங்கள் இரண்டு மாதங்களாகத் தொடர்ந்து பணிக்கு வரவில்லை. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் பெயர் நீக்கப்படும்' என்று அதில் இருந்தது. கீழே பெர்சனல் மேனேஜரின் கையெழுத்து.

அவர்களுக்காக மேனேஜரிடம் பேச வந்தவர் குப்புசாமி. அவர் சத்தம் போடவில்லை.

"சார், நான் இங்கதான் கீறேன். ரெண்டு மாசமா வரலன்னு எழுதிக் கீது. இத்த வாங்கிகினேன்னு கையெழுத்து வேற போடச் சொல்றாங்க. வராதவன் எப்படி சார் போடுவான்?"

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லி என்னை டைம் ஆபீசுக்கு அனுப்பினார்.

டைம் ஆபீசைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டெல்லா மேடம். பருத்திப்பட்டிலிருந்து வருவார். வருகைப் பதிவு முழுக்க அவர் கையில். பத்து நாள் தொடர்ந்து பதிவு இல்லாதவர்களுக்குக் கடிதம் அடிக்கும் புரோகிராம் ஒன்று அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அதை ஓட்டுவார். வழக்கமாக ஒன்றோ இரண்டோ வரும். அன்று நிற்காமல் அடித்துக்கொண்டே போயிருக்கிறது. பிரஸ் ஷாப் முடிந்ததும் பிரிண்டரை நிறுத்திவிட்டு, இத்தனை பேர் வராமல் இருக்க வாய்ப்பில்லை என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று மேனேஜர் முப்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தின் மேல் அம்புக்குறியை வைத்தேன். அடுத்த வருட ஜனவரி என்று காட்டியது. அதன் கணக்கில் நவம்பருக்குப் பிறகு யாருமே வேலைக்கு வரவில்லை.

2. ஒன்பது பட்டன்

ஜனவரி எப்படி வந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அங்கே நாற்பது கம்ப்யூட்டர்கள். பிரிண்டர், நெட்வொர்க், மோடம், தேதி என்று எதை மாற்றவேண்டுமென்றாலும் மெனுவுக்குள் மெனுவாகப் போய்த் தேட வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. விஷுவல் பேசிக்கில் ஒரு சின்னப் பெட்டி எழுதினேன். அதில் ஒன்பது பட்டன். அழுத்தினால் அந்தந்த செட்டிங்ஸ் நேராகத் திறக்கும். எந்த சீட்டுக்குப் போனாலும் கைக்கெட்ட இருக்கட்டும் என்று நாற்பதிலும் போட்டு வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பாஸ்வேர்டும் வைக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டுமே என்று.

தேதி பட்டனை அழுத்தினால் மாதமும் கிழமையுமாக ஒரு கட்டம் வரும். மாதத்தையோ வருடத்தையோ மாற்றி ஓகே கொடுத்தால் கம்ப்யூட்டரின் தேதியே மாறிவிடும்.

தேதியைச் சரி செய்தேன். பட்டன் விஷயத்தைச் சொல்லவில்லை. பேட்டரி பிரச்சினையாக இருக்கலாம் என்று ஸ்டெல்லா மேடத்திடம் முணுமுணுத்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து டைப்பிஸ்ட் வந்து, ஸ்டெல்லா மேடத்துக்கு மெமோ தயாராகிறது, கவனக்குறைவாம் என்றார். இருபது வருட சர்வீசில் அதுதான் அவருக்கு முதல் மெமோவாக இருந்திருக்கும்.

மேனேஜர் அறைக்குப் போனேன். ஸ்டெல்லா மேடம் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை, தேதியை யார் வேண்டுமானாலும் தெரியாமல் மாற்றிவிடக்கூடிய பட்டனை வைத்தது நான்தான் என்று சொன்னேன். எந்தப் பட்டன் என்று மேனேஜர் கேட்டார். அவருடைய கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினேன்.

மேனேஜர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது காலண்டர்தானேப்பா? பையன் நிச்சயதார்த்தத்துக்கு என்ன கிழமைன்னு மத்தியானம் அந்தம்மா சீட்ல இதுலதான் பாத்தேன்."

ஸ்டெல்லா மேடம் ஜன்னலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் டைப் செய்த மெமோவை நாலாக மடித்து டிராயரில் போட்டார். பிறகு தானே பிரஸ் ஷாப்புக்குப் போய் முப்பத்தோரு கடிதங்களையும் திரும்ப வாங்கினார். குப்புசாமி மட்டும் ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டார்.

மறுநாள் மெமோ எனக்கு வந்தது, அனுமதியின்றி மென்பொருள் நிறுவியதற்காக. அது நியாயம்தான்.

3. பிரிண்டர்

நாற்பது கம்ப்யூட்டரிலிருந்தும் பெட்டியை அழித்தேன். இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா மேடம் என் அறைக்கே வந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தேன். அவர் அதற்காக வரவில்லை.

"தம்பி, பிரிண்டர் பட்டனை ஏன் எடுத்துட்ட? ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் எல்லாத்துலயும் பேப்பர் மாட்டிக்கினா நான்தான் போயி அத அமுக்கி, நின்னுபோனதெல்லாம் அழிச்சு உடுவேன். நீ ஃபோன் எடுக்கவே மாட்டியே."

ஏழெட்டு மாதமாக அந்த வேலையை அவர் செய்துவந்தது எனக்குத் தெரியாது. பிரிண்டர் புகார்கள் குறைந்ததற்கு என் திறமைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை உட்காரச் சொல்லி, என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்றே மூன்று பட்டன் கேட்டார். தேதி அதில் இல்லை. அவர் சொன்ன கம்ப்யூட்டர்களில் பெட்டியைத் திரும்பப் போட்டு அந்த மூன்றை மட்டும் வைத்தேன், மற்றதை என் பாஸ்வேர்டுக்குள் வைத்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் மேஜையில் எதையாவது வைப்பதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள். எடுப்பதற்கு முன்னாலும் கேளுங்கள். நான் இரண்டு தடவையும் கேட்கவில்லை.