கிணற்றாரின் தோற்றம்

அண்ணை இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை அண்ணி அனுப்பிய தபாலுறையில், அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த தாள் ஒன்று இருந்தது. அதில் இருந்தது என்னுடைய பதினொரு வயதுக் கையெழுத்து. மேலே அடிமட்டம் வைத்தும் கோணலாகிப்போன அடிக்கோட்டுடன் ‘கிணற்றாரின் தோற்றம்’ என்ற தலைப்பு. கீழே, சிவப்பு மையில், இருபதுக்குப் பதினேழு. அந்தப் புள்ளிகள் எனக்கு வழங்கப்படவேயில்லை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணியிருந்தேன்.

இனங்களின் தோற்றம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவன் நான். எந்தச் செப்பேட்டிலும் எந்தக் கல்வெட்டிலும் கிணற்றார் இல்லை. அவர்கள் ஒரு கணினி விளையாட்டில் வருபவர்கள்.

கப்பலில் வேலை பார்த்த மாமா, ஒருமுறை விடுமுறையில் வந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தும் ஒரு சிறிய கணினியைக் கொண்டுவந்தார். விளையாட்டு ஓர் ஒலிநாடாவில் இருந்தது. நாடா ஓடி முடியும்வரை பூனைகள் சண்டை பிடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். பிறகு திரையில் ஒரு கேள்வி தோன்றும். நீர் எந்த இனத்தவர்? ஒன்று, மனிதர். இரண்டு, மலை அரக்கர். மூன்று, வனத்தார். நான்காவதன் ஆங்கிலப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. அதற்குத் தமிழில் கிணற்றார் என்று அர்த்தம் என்றார் அண்ணை. என்னைவிட ஏழு வயது மூத்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். நான் நம்பினேன்.

விளையாட்டோடு வந்த சிறு புத்தகத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்த இனம் எப்படித் தோன்றியது என்று அதில் எழுதியிருக்கும். அது வெறும் அலங்காரமல்ல. பிறப்பை வைத்துத்தான் பலம். ஆற்றங்கரையில் பிறந்த மனிதர் நீந்துவர், பாறையில் பிறந்த அரக்கர் அடி தாங்குவர். நான்காம் இனத்தின் பக்கத்தை மட்டும் காணவில்லை. அம்மா அதைப் பழப்புளிப் பானையின் வாய்க்கு மூடியாகக் கட்டியிருந்தார். நாங்கள் கண்டுபிடித்தபோது அது புளியோடு புளியாகியிருந்தது. ஓர் இனத்தின் பூர்வீகம் முழுவதும் எங்கள் வீட்டுக் குழம்பில் கரைந்துபோயிற்று என்று அண்ணை சொன்னார். எஞ்சியது புத்தக அட்டையில் இருந்த படம் மட்டுமே: நெற்றியில் விளக்குடன் குனிந்து நிற்கும் ஒரு குள்ள உருவம். நான் எப்போதும் நான்கையே தெரிவு செய்தேன். என்ன பலம் உண்டென்று தெரியாமையால் எப்போதும் மூன்றாம் அறையிலேயே செத்தேன்.

பிறகு மின்சாரம் நின்றது. முதலில் சில நாட்களுக்கு என்றார்கள். கணினியை அம்மா பழைய சேலை ஒன்றில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தார். அண்ணை விளையாட்டைக் காகிதத்துக்கு மாற்றினார். நான்கு வரைபுத்தாள்களை ஒட்டி அதில் அறைகள், சுரங்கங்கள், கிணறுகள், கதவுகள் எல்லாம் கீறினார். காய்களுக்குப் புளியங்கொட்டைகள். என்னுடையது முழுக் கொட்டை. அவருடையது ஒரு பக்கம் சீமெந்துத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கியது. விதி ஒன்றே ஒன்று: பிறப்புக் கதையில் இல்லாத பலத்தை எவரும் கோரமுடியாது. ஆகவே, கிணற்றாரின் கதை எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

அந்த ஆண்டு வீட்டில் இன்னோர் அவசரமும் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியாது. அண்ணையை வெளியே அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. போர்க்காலம்; குடாநாட்டைவிட்டுப் போக அப்போது இயக்கம் தரும் அனுமதிச் சீட்டு, ‘பாஸ்’, வேண்டும். அண்ணையின் வயதினருக்கு அது கிடைப்பதில்லை. செய்தி வெளியே கசிந்தால் அவர் போகமுடியாது என்பதோடு காரியம் முடியாது. எனவே சிறுவர்களுக்குச் சொல்வதில்லை என்பது அக்காலத்தில் வீடுகளின் பொது வழக்கம். எங்கள் வீட்டில் சிறுவன் நான் ஒருவனே. முழு வழக்கமும் என்மீதே பிரயோகிக்கப்பட்டது.

ஆனால், அண்ணைக்குப் பொய் சொல்லத் தெரியாது. என் கேள்விகளுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லவேண்டியிருந்தது. அவருடைய தலைக்குள் அப்போது ஒரேயொரு கதைதான் இருந்தது.

“அண்ணை, கிணத்தார் ஏன் கட்டை?”

“குனிஞ்சு குனிஞ்சு கிணறு வெட்டினவை. பிறகு நிமிர மறந்துபோச்சினம்.”

“தண்ணிக்கோ வெட்டினவை?”

“இல்லை. வெளியாலை போறதுக்கு.”

“ஏன், வாசல் இல்லையோ?”

“இருந்தது. ராசா பூட்டிப்போட்டார். கிழடுகள் போகலாம், இளந்தாரியள் போகேலாது.”

நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்: கிணற்றாருக்கு இருளில் கண் தெரியும், மூன்று புள்ளி. அண்ணை ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள், கிணறு வெட்டி முடிய எவ்வளவு காலம் என்று கேட்டேன். எல்லோரும் வெட்டவில்லை, ஒருவன் வெங்காய லொறியில் போனான் என்றார்.

“அந்தக் காலத்திலை லொறியோ?”

“சரி, வண்டில் எண்டு போடு.”

“வெங்காயத்துக்குள்ளை இருந்தா தும்மல் வராதோ?”

“வரும். அடக்கவேணும்.”

மூச்சடக்கும் ஆற்றல், இரண்டு புள்ளி. இப்படியே ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். வண்டில் சந்தைக்குப் பின்னாலிருந்து அமாவாசைக்கு முதல்நாள் புறப்படும். உப்புத் தண்ணீர்க் கரையில் தோணிக்காரன் நிற்பான். அவனுக்கு இடக்கையில் சின்னவிரல் இல்லை. யாரும் மறித்துக் கேட்டால் பெரியப்பாவின் கண்ணுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லவேண்டும். ஒரேயொரு பை, அதற்குள் இரண்டு சேட்டும் திருநீற்றுப் பையும். பழங்கால இனம் ஒன்று சேட்டு அணிந்ததில் எனக்கு ஐயம் எழவில்லை.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பலவீனமும் வேண்டும் என்பது விளையாட்டின் நியதி. கிணற்றாரின் பலவீனம் என்ன என்று கேட்டேன். அண்ணை தன் காயை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“உதை நாளைக்குச் சொல்லுறன்,” என்றார்.

அந்த நாளைக்கு முன்னரே பாடசாலையில் தமிழ் வாத்தியார் எங்களுக்கு ஒரு கட்டுரை தந்தார். விரும்பிய பொருளில் ஒரு பக்கம். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வருபவர். சிரித்ததை நாங்கள் கண்டதில்லை. ஆனால், அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சிறந்த கட்டுரையை எழுதியவனே எழுந்து நின்று வாசிக்கவேண்டும். பிறகு அது வகுப்புச் சுவரில் ஒரு மாதம் தொங்கும். அந்தச் சுவர்தான் அப்போது எனக்கு உலகத்தில் மிக உயர்ந்த இடம். நான் கிணற்றாரின் தோற்றத்தை எழுதினேன். ஒன்றையும் விடவில்லை. பலவீனம் என்று எழுதி, அண்ணை சொன்னபின் நிரப்பலாம் என்று அதன் எதிரே ஒரு புள்ளிக்கோடு இட்டேன்.

புதன்கிழமை வாத்தியார் கொப்பிகளைத் திருத்தியபடி மேசையில் இருந்தார். என்னுடையதை எடுத்தார் என்பது அட்டையின் நிறத்தில் தெரிந்தது. வாசித்தார். திரும்பவும் தொடக்கத்திலிருந்து வாசித்தார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். சுவர் எனக்குத்தான் என்று உறுதியாகிவிட்டது. அவர் எழுந்து, வேறொரு பையனை அழைத்து, ‘தென்னையின் பயன்கள்’ வாசிக்கச் சொன்னார். என் கொப்பி பள்ளி விடும்போது திரும்பி வந்தது. கட்டுரை இருந்த தாள், அடிமட்டம் வைத்துக் கிழித்ததுபோல, ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தது. புள்ளியில்லை. ஒரு சொல்கூட இல்லை.

அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறார் என்று நான் கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அப்பா அவரை இருக்கச் சொன்னார். அவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

“என்ன மாஸ்ரர், உவன் ஏதும் பிழை விட்டிட்டானோ?”

“ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிரச்சினை. நாள், வண்டில், தோணிக்காரன்ரை விரல், ஒண்டும் பிழைக்கேல்லை.”

அப்பா போய் வாசற் படலையைச் சாத்திவிட்டு வந்தார்.

“வழமைபோலை அவனையே எழும்பி வாசி எண்டு சொல்லியிருந்தா, முப்பத்தெட்டுப் பிள்ளையளும் வீட்டை போய்ச் சொல்லியிருக்குங்கள். தாள் என்னட்டை இருக்கு. ஆனா அந்த வண்டில் வேண்டாம். அவன் வேறை ஆருக்குச் சொன்னானோ தெரியாது.”

“அப்ப என்ன செய்யிறது மாஸ்ரர்?”

“வெள்ளிக்கிழமை நான் லீவு போடுறன்,” என்றார் வாத்தியார்.

எனக்கு இதில் ஒன்று மட்டுமே விளங்கியது. என் கட்டுரையில் ஒரு பிழையும் இல்லை என்று அவர் தம் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் புள்ளி எங்கே? பெரியவர்களின் நீதி பற்றி எனக்கு அன்று ஏற்பட்ட கசப்பு பல நாள் நீடித்தது.

அவர் போனபின் குசினிக்குள் அம்மாவின் குரல் கேட்டது. “உனக்கென்ன விசரே? சின்னப் பொடியனுக்குப் போய் உதெல்லாம் சொல்லுறதோ?”

“அவன் கேட்டவன் அம்மா,” என்றார் அண்ணை.

“கேட்டா?”

“விளையாட்டுக்குத் தேவையெண்டு கேட்டவன்.”

அம்மா அழுததை, ஒரு கதையைச் சொன்னதற்கு இவ்வளவா என்று நான் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிரவு அண்ணை எனக்குப் புட்டும் மாம்பழமும் பிசைந்து தந்தார். மறுநாள் வியாழக்கிழமை, என்னை வெல்லவிட்டார். அதை நான் என் திறமை என்று குறித்துக்கொண்டேன். பலவீனத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். “கட்டாயம் சொல்லுறன், பொறு,” என்றார். அடுத்த ஆட்டத்தை அவருடைய முறையில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போனோம்.

வெள்ளிக்கிழமை தமிழ் வாத்தியார் வரவில்லை. வகுப்பே மகிழ்ந்தது, மற்ற எல்லோரையும்விட அதிகமாக நான். அந்நேரம் அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார், பின்னால் அண்ணை, மடியில் பாடப்புத்தகங்களோடு: ஆசிரியரும் மாணவனும் ஏதோ பரீட்சைக்குப் போவதுபோல. கரைவரை அவரே கொண்டுபோய் விட்டார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்பா சொன்னார். தாளை அவர் வழியில் அண்ணையிடம் கொடுத்திருக்கவேண்டும். பதினேழு புள்ளிகளுக்குக் கீழே, அதே சிவப்பு மையில், ‘கற்பனை நன்று’ என்று எழுதியிருக்கிறார். எவராவது மறித்துப் பிரித்துப் பார்த்தால் அது திருத்தப்பட்ட பள்ளிக் கட்டுரை, வேறொன்றுமில்லை. கிழித்து எறிந்திருக்கலாம். இருவரும் எறியவில்லை.

அண்ணை குளிர்நாடு ஒன்றில் கணக்காளரானார். நாங்கள் இரண்டு தடவை சந்தித்தோம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, அப்பாவின் முழங்கால் பற்றிப் பேசினோம். ஊருக்கு அவர் ஒருமுறையும் வரவில்லை. தாள் வந்த அன்று அந்த விளையாட்டின் புத்தகத்தை இணையத்தில் தேடினேன். யாரோ ஒருவர் அக்கறையோடு பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருந்தார். நான்காம் இனம் பற்றி நான்கே வரிகள். அவர்கள் களிமண்ணிலிருந்து உண்டானவர்கள். பொன்னை மோப்பம் பிடிப்பார்கள். சூரிய ஒளி ஆகாது. கிணறும் இல்லை, பூட்டிய வாசலும் இல்லை. அண்ணை அந்தப் பக்கத்தைப் பானையில் போவதற்கு முன்னரே வாசித்திருந்தார் என்பது எனக்கு இப்போது ஏறத்தாழ நிச்சயம். அண்ணி அனுப்பிய தாளில் பலவீனத்துக்கு நேரே நான் இட்ட புள்ளிக்கோடு அப்படியே வெறுமையாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளியால் வந்தபோது அம்மா அடுப்பு மூட்டாமல் குசினி வாசலில் இருந்தார். அண்ணை எங்கே என்று கேட்டேன். ரியூசனுக்கு என்றார். நான் அறைக்குள் போனேன். வரைபடம் விரித்தபடியே கிடந்தது. என் காய் இருந்த இடத்தில் இருந்தது. அவருடைய, ஒரு பக்கம் வெளுத்த கொட்டை, கட்டங்கள் முடிந்து, வரைபுத்தாளின் விளிம்பையும் தாண்டி, வெறும் சீமெந்துத் தரையில் கிடந்தது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. கட்டத்துக்கு வெளியே காய் வைக்க விதியில் இடமில்லை. விதிகளை எழுதியவரே மீறுவது அழகல்ல. நான் அதை எடுத்து, முதல்நாள் இருந்த கிணற்றுக் கட்டத்திலேயே திருப்பி வைத்தேன். முறை அவருடையது. சீருடையைக்கூட மாற்றாமல், வரைபடத்தின் என் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, அவர் ரியூசனால் வரட்டும் என்று காத்திருந்தேன்.