மடையான் கறியும் என் போட்டோவும்

அக்கா படம் பேப்பரில் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா என்றால் பெரியப்பா மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அயனம்பாக்கம் ஏரியைப் பறவைகள் சரணாலயமாக்க வேண்டும் என்று எழுத வந்த நிருபர், கரையில் சும்மா நின்றுகொண்டிருந்தவளைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். கீழே 'பறவைகளின் தோழி' என்று வேறு. தோழியாம், தோழி! கொக்கைக் கண்டால் கல்லெடுத்து அடிக்கிறவள் அவள்.

"தெனம் பாக்கற கொக்குக்கு இன்னாத்துக்கு பேப்பரு?" என்று அம்மா சிரித்தாள். பெரியம்மாவோ படத்தை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். டீக்கடைக்காரர் அக்காவுக்கு மட்டும் ஓசியில் பட்டர் பிஸ்கட் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஏரியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அப்பாவுக்குக் கம்பெனி லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கண்ணி வைக்கப் போகிறவள் நான்.

இரண்டு வாரம் கழித்து அதே நிருபரின் ஸ்கூட்டர் ஏரிக்கரையில் நின்றது. பள்ளிக்கூடப் பையோடு ஓடினேன்.

"சார், அவளுக்கு ஒண்ணுமே தெரியாது சார். என்னிய கேளுங்க. எல்லாப் பறவையும் எனக்குத் தெரியும்."

"அப்படியா? சொல்லு பாப்போம்" என்று நோட்டைத் திறந்தார்.

விட்டேனா? "மடையான் கொக்கு கறி காடை மாரியே இருக்கும் சார். நீர்க்காகம் கவிச்சி அடிக்கும், மொளகு தூக்கலா போடணும். தாழக்கோழின்னா எங்கப்பாவுக்கு உசுரு. கண்ணி வெச்சா தப்பவே தப்பாது."

அவர் எழுதிக்கொண்டே போனார். அப்பா பேர் கேட்டார், சொன்னேன். கண்ணியைக் காட்டச் சொன்னார். கோரைக்குள்ளிருந்து எடுத்துவந்து, தூக்கிப் பிடித்துச் சிரித்தேன்.

படம் வந்தது. அக்கா படத்தைவிடப் பெரிசு! ஸ்கேல் வைத்து அளந்தே பார்த்தேன். மேலே 'பறவைகளை வேட்டையாடும் குடும்பம்' என்று தலைப்பு. தலைப்பை யார் பார்த்தார்கள்? அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவள் முழுவதும் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேறென்ன, வயிற்றெரிச்சல்தான். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அப்பா வெகுநேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டோ நல்லா கீதும்மா" என்றார். சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைப் பக்கம் காக்கி உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் அந்தப் பேப்பர்.

"இதுல இருக்கற பொண்ணு நீதானே? உங்க வீடு எங்கம்மா?"

பேப்பரைப் பார்த்துவிட்டு என்னைத் தேடியே வந்திருக்கிறார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா பார்க்கட்டும் என்றே பெரியப்பா வீட்டு வழியாகச் சுற்றி அழைத்துப் போனேன். வாசலில் நின்றிருந்த அக்கா, அவர்களைப் பார்த்ததும் வேண்டாம் வேண்டாம் என்று என்னிடம் தலையை ஆட்டினாள். பொறாமையில் சாகிறாள் என்று நினைத்து, நடையை எட்டிப் போட்டேன்.

அப்பா வீட்டில்தான் இருந்தார்.