அத்தை என்னைத் தவிட்டுக்கு வாங்கிய நாள்

பட்டாளத்து நர்ஸ் ஆவதற்காக என் அத்தை படித்த படிப்பில் பாதி என் உடம்பின் மேல்தான் நடந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. அத்தை, நைனாவின் ஒரே தங்கை. சாந்தோம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது பாஸ் பண்ணியவள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் எந்தப் பரீட்சைப் பக்கமும் போனதில்லை. அதனால் அவள் பாஸானதைப் பெருமையாகவும் கொஞ்சம் பயமாகவும் எல்லோரும் பார்த்தார்கள். சண்டை வந்து, பட்டாளத்துக்கு நர்சுகள் வேண்டும், படிக்க வைத்து அனுப்புகிறோம் என்று சர்க்காரில் சொன்னதும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மயிலாப்பூருக்கு வருவாள். பை நிறையச் சுருட்டிய பாண்டேஜ் துணி இருக்கும். ஒரு வாரம் எனக்கு வலது கை முறியும், மறு வாரம் முழங்கால். ஒரு தடவை முகமெல்லாம் வெந்துபோய், கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் இடம் விட்டு என்னைச் சுற்றிக் கட்டினாள். அப்படியே வாசலுக்குப் போய் நின்றேன். பால்காரர் சொம்பில் ஊற்ற வந்த பாலை வாசற்படியில் ஊற்றினார். எலும்புகளின் இங்கிலீஷ் பேர்களை அத்தை ராகம் போட்டு மனப்பாடம் செய்வாள். அவள் விட்ட இடத்தை நான் எடுத்துக் கொடுப்பேன். பாய்மேல் விரித்த துப்பட்டியின் மூலையை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மடிக்கிற மாதிரி மடித்துச் செருகுவாள். "பாய்க்கு எதுக்கும்மா இவ்ளோ சிங்காரம்?" என்பாள் அம்மா.

நைனாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. சைதாப்பேட்டையில் அரிசிக் கடை வைத்திருந்த ஒருவருக்கு, மனைவி போய் மூன்று பிள்ளைகளோடு நின்றவருக்கு, தங்கையைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அம்மாவும் நைனா கட்சிதான். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். பரீட்சையில் பாஸானால் அத்தை பட்டாளத்துக்குப் போகலாம். பெயிலானால் சைதாப்பேட்டை. அத்தை சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டு மடங்கு வேகமாக எலும்புகளைப் பாடினாள்.

அந்தச் சமயம் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று, போக ஒரு ஊர் இருந்தவர்கள் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். எங்களுக்குப் பட்டணத்தை விட்டால் ஊர் கிடையாது. நைனா வேலை பார்த்த அரிசி மண்டியின் முதலாளி சாவியை இவர் கையில் கொடுத்து, தைரியமாக இரு என்று சொல்லிவிட்டு முதல் ரயிலில் போய்விட்டார். எங்கள் சந்தில் எல்லாக் கதவிலும் பூட்டு. எதிர்வீட்டில் விட்டுப்போன சுவர்க் கடிகாரம் ஆளில்லாத கூடத்தில் மணிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் அதுவும் நின்றது. எங்கள் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் பட்டப்பகலிலேயே கூடம் மங்கிக் கிடக்கும்.

அத்தைக்கு வராத பாடம் ஒன்று இருந்தது. செத்துப்போன நோயாளியைத் துடைத்து, கை கால் நேராக்கி, மூடி அனுப்பும் பாடம். முதல் தடவை பாதியில் கை நடுங்கி வார்டை விட்டு வெளியே ஓடிவிட்டாளாம். கடைசி வரைக்கும் கூட நிற்கத் தெரியாதவள் நர்ஸ் இல்லை என்று பெரிய நர்சம்மா சொல்லிவிட்டாளாம். பரீட்சையில் அதையும் செய்து காட்ட வேண்டும். இவையெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, வருகிற வாரம் பரீட்சை என்பது மட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நைனா மண்டியில். அத்தை என்னைக் கூடத்தில் படுக்கச் சொன்னாள்.

"இன்னைக்கு உனக்கு ஒண்ணும் உடையல. சும்மா படுத்துக்கினு இருந்தா போதும். கண்ணத் தொறக்காத. யார் வந்தாலும் அசையாத. நீ அசைஞ்சா நான் பெயிலு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சைதாப்பேட்டைக்காரரை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தை ஈரப் பஞ்சால் என் இமைகளை அழுத்தினாள். செத்தவரிடமும் சொல்லிச் சொல்லித்தான் செய்ய வேண்டுமாம். "தம்பி, மூஞ்சி தொடைக்கிறேன்" என்றாள். நான் பெண்பிள்ளை, என்னை எதற்குத் தம்பி என்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "கையை நேராக்கறேன் தம்பி. இனிமே வலிக்காது." அவள் குரல் மாறிக்கொண்டே போனது. அது என்னோடு பேசுகிற குரல் இல்லை. எனக்குக் கீழே, தரைக்குள் படுத்திருக்கும் யாருடனோ பேசுகிற மாதிரி இருந்தது. சிரிப்பு தானாகப் போய்விட்டது. தாடையைத் தலையோடு சேர்த்து ஒரு கட்டு. அதுவரை அவள் விரல்கள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. வெள்ளைக்காரன் பாடமும் நம் வழக்கமும் இந்த இரண்டு கட்டுகளில் ஒத்துப்போயின. கால்விரலைக் கட்டும்போது நடுக்கம் நின்றிருந்தது. வெள்ளைத் துப்பட்டியைத் தலை வரை இழுத்து மூடினாள். வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும் என்பதால் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

துணிக்குள் என் மூச்சு மோதி எனக்கே திரும்பி வந்தது. கிணற்றுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. நான் நினைத்தால் கையை அசைக்க முடியுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அசைத்தால் அத்தை பெயில். அதனால் பார்க்கவில்லை.

கடை மூடியிருந்ததால் அம்மா சீக்கிரமே திரும்பிவிட்டாள். வாசலில் காலடி கேட்டது. கூடத்துக்கு வந்து நின்றது. வெறும் பாட்டிலைத் தரையில் மெதுவாக வைத்தாள். அலறவில்லை. என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வளையல் சத்தத்தில் அது தெரிந்தது. பிறகு பேசினாள், வீட்டுக்கு வந்த தெரிந்த மனுஷனிடம் பேசுகிற மாதிரி.

"வந்துட்டியா? ஊரே காலி பண்ணிக்கினு போச்சு. நீ மட்டும் வழி மறக்காம வந்துட்ட. ரெண்டு புள்ளைய எடுத்துக்கினு போனது பத்தலையா?"

எனக்கு முன்னால் பிறந்த இரண்டையும் அம்மா அந்தக் கூடத்தில்தான் பறிகொடுத்திருந்தாள். அதை நான் அறிவேன். அவள் பேசுவது யாரிடம் என்பதுதான் புரியவில்லை. பதில் வருமோ என்று காத்திருந்தேன். கூடத்தில் மூன்றாவதாக யாரோ நிற்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அப்போதும் அசையவில்லை.

அத்தை ஈரக் கையோடு வந்தாள். "அண்ணி, அண்ணி, ஒண்ணுமில்ல" என்று ஓடிவந்து துப்பட்டியை இழுத்தாள். "எழுந்துருடி, போதும்" என்றாள். இதுவும் சோதனையோ என்று நான் கண்ணைத் திறக்கவில்லை. தாடைக் கட்டை அவள் பிய்த்து எடுத்த பிறகு, கண்ணை மூடியபடியே கேட்டேன்.

"பாஸா அத்தை?"

அம்மா அவளை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "இன்னா பண்ணிட்ட நீ" என்று மட்டும் கேட்டாள். என் கால்கட்டைத் தானே அவிழ்த்தாள். அந்தத் துணித்துண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டு அவுந்துடுச்சி. ஆனா வந்தவன் பாத்துட்டான். எம் புள்ளன்னு தெரிஞ்சிக்கினான். வெறுங்கையோட போமாட்டான்" என்றாள்.

"பாடத்துக்குப் பண்ணது அண்ணி. யாரும் வரல."

"நீ கிணத்தாண்ட இருந்த. நான்தான இங்க இருந்தேன்."

பிறகு எழுந்துபோய் முறத்தை எடுத்துவந்து, அதன்மேல் என்னை நிற்கவைத்தாள். பிள்ளை தங்காத வீடுகளில் பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்பார்கள். தேடி வருகிறவன், இது நான் தேடுகிறவளின் பிள்ளை இல்லை என்று திரும்பிவிடுவானாம். வாங்குகிறவள் பிள்ளைகள் நிறைந்த பக்கத்து வீட்டுக்காரியாக இருக்க வேண்டும். எங்கள் சந்தில் அப்போது பக்கத்து வீடும் இல்லை, எதிர்வீடும் இல்லை. அத்தை மட்டும்தான் இருந்தாள்.

"வாங்கிக்கிறியா?" என்றாள் அம்மா.

அத்தை சிரித்துத் தட்டிக் கழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கிருமியைப் பற்றியெல்லாம் படித்தவள் அவள். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"வந்தவன் அப்புறம் யாரைத் தேடிக்கினு போவான் அண்ணி?"

அம்மா முறத்தில் என் காலை நேராக வைத்தாள். "நீ பாஸானாலும் பெயிலானாலும் போ. சைதாப்பேட்டை பேச்ச இனிமே எடுக்க உடமாட்டேன். உங்க அண்ணங்கிட்ட நான் பேசறேன்" என்றாள்.

மாடு வைத்திருந்த பக்கத்து வீட்டார் விட்டுப்போன தவிட்டு மூட்டை எங்கள் பின்கட்டில் இருந்தது. அத்தை போய் இரண்டு கை நிறைய அள்ளி வந்தாள். அம்மாவின் மடியில் கொட்டினாள். "வாங்கிக்கினேன்" என்றாள். முறத்திலிருந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்தால் கால் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும். எனக்கு ஒரே சந்தோஷம்.

அத்தை பாஸானாள். அந்தப் பாடத்தில் அவள் கை துளியும் நடுங்கவில்லையாம். கிழக்கே, பர்மா எல்லைப் பக்கம் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில், அத்தையை அம்மா என்று கூப்பிட்டு வழியனுப்பச் சொன்னாள் அம்மா. நான் வெட்கத்தோடு கூப்பிட்டேன். அத்தை வாசலில் நின்று, "போயிட்டு வரேன் அண்ணி" என்றாள். யாரும் யாருக்கும் சொல்கிற "போயிட்டு வா" அம்மாவின் வாயிலிருந்து வரவில்லை. அத்தை தலையை ஆட்டிவிட்டுக் குதிரைவண்டியில் ஏறினாள்.

மறு வருஷம் தந்தி வந்தது. நோயாளிகளிடமிருந்து தொற்றிய காய்ச்சலில் அத்தை போய்விட்டாள் என்று நைனா படித்துச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் வீடு முழுக்க அவளைத் தேடி அழுதேன். அம்மா அழவில்லை. பெற்றவள் செத்தால் பெண் தலைமுழுகுவாளே, அந்த மாதிரி எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஊருக்கே அம்மை வந்தபோதும் எனக்கு வரவில்லை. சூடு இல்லை என்று தெரிந்தால் எல்லா வீட்டு அம்மாவும் நிம்மதிப் பெருமூச்சு விடுவாள். என் அம்மாவின் முகம் மட்டும் நாளுக்கு நாள் இருண்டுகொண்டே போனது. "வித்தது நெசமாவே பலிச்சிடுச்சி" என்று தனக்குள் முனகுவாள். சரி, இவளுக்குக் காய்ச்சல்தான் வேண்டும் போலிருக்கிறது என்று, ஒரு நாள் மொட்டைமாடியில் உச்சி வெயிலில் நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிவந்து அவள் முன்னால் நின்றேன். தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். "கொதிக்குது" என்றாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "எம் புள்ளதான் நீ, எம் புள்ளதான்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அத்தை போன பிறகு அம்மா அழுதது அன்றைக்குத்தான். நான் அவளைச் சந்தோஷப்படுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, சூடு ஆறிவிடக் கூடாதே என்ற கவலையில், அசையாமல் படுத்திருந்தேன்.