அவருக்கு மட்டும் மங்கலாக

போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருந்த சரக்கு ஏஜென்சியில் புக்கிங் போடுவது என் வேலை. ஒரு மழைக்காலத்தில் மெயின்லேண்டிலிருந்து புது மானிட்டர்கள் கப்பலில் வந்தன. ஆகப் பெரியது மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனது. படங்கள் அத்தனை துல்லியம். ஆனால் எங்கள் பழைய சாஃப்ட்வேர் அந்தத் துல்லியத்தில் சுருங்கிவிட்டது. எழுத்துகள் ஈர மணலில் நண்டுக்குஞ்சுகள்போல ஓடின. செட்டிங்கில் அளவைக் கூட்டினால் சாஃப்ட்வேரின் ஜன்னல் வீங்கி, அடியில் இருக்கும் சேவ் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும்.

"மெயின்லேண்ட்லேர்ந்து ஆள் வருவான், அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார் மேனேஜர். எது கெட்டாலும் இங்கே அதுதான் வைத்தியம்.

லாங் ஐலண்ட் போகவேண்டிய சிமென்ட் லிட்டில் அந்தமானில் போய் இறங்கியது. ஊர்ப்பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். நான் ஒரு வரி தவறி அழுத்தியிருந்தேன்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கண்ணு போச்சுன்னா சொல்லிடுங்கக்கா. கேம்பல் பே பிராஞ்ச்ல சீட் காலியா இருக்கு. அங்க புக்கிங்கே கம்மி. காத்து வாங்கலாம். அடுத்த மாசமே அனுப்பிடறேன்."

சுனாமி என் தம்பியைக் கொண்டுபோனது கேம்பல் பேயில். அதன்பின் அந்தக் கரையில் நான் கால் வைத்ததில்லை. அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளைகளில் அந்த இயந்திரத்தை நோண்டினேன். கோபம் நல்ல வெளிச்சம். சாஃப்ட்வேரின் ஐகானை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று உள்ளே உள்ளே போனால், திரை அளவை யார் கையில் ஒப்படைப்பது என்று ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. சாஃப்ட்வேரிடமிருந்து பிடுங்கி விண்டோஸிடம் கொடுத்தேன். மூடித் திறந்தால் எழுத்துகள் எழுந்து நின்றன. சேவ் பொத்தான் தன் இடத்தில்.

பக்கத்து மேசை வங்காளிப் பெண் எட்டிப் பார்த்தாள். "தீதி, மேரா பீ கர் தோ." அவளுக்கும் செய்தேன்.

மாதக் கணக்கு அனுப்பும் நாளன்று மேனேஜரால் சேவ் செய்ய முடியவில்லை. என் மேசைக்கு வந்தார்.

"உங்களுது மட்டும் எப்படிக்கா ஓடுது?"

"செய்யலாம் சார். முதல்ல ஹெட் ஆபீஸுக்குப் போன் போடுங்க. நான் போர்ட் பிளேர்லயே இருப்பேன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"பிளாக்மெயிலா?"

"ஆமா சார்."

வங்காளிப் பெண் இருமினாள், அது சிரிப்பு. மேனேஜர் போன் போட்டார். கேம்பல் பேக்கு வேறு ஆள் பாருங்கள் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

பிறகு அவர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தேன். திரை அளவு பற்றிய அந்தக் கேள்விக்குக் கீழே விண்டோஸுக்கென்றே இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று எழுத்தைக் கூர்மையாக மறுபடி வரையும். எனக்கும் வங்காளிப் பெண்ணுக்கும் போட்டது அதுதான். மற்றது இருப்பதை அப்படியே இழுத்துப் பெரிதாக்கும்; ஆவி படிந்த கண்ணாடிவழி பார்ப்பதுபோல இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தேன்.

"கொஞ்சம் மங்கலா இருக்கேக்கா."

"பழைய சாஃப்ட்வேர் சார். இவ்ளோதான் வரும்."

சில வாரங்களில் அவர் கண்ணுக்குச் சொட்டுமருந்து வாங்கினார். மாலைகளில் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றிக்கொள்வார். மருந்து கன்னத்தில் வழியும். வெறும் மருந்துதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, துடைத்துக்கொள்ளும்வரை பார்ப்பேன்.