ஹிதாயாவின் கடதாசிகள்

சாதாரண தரப் பரீட்சையில் எட்டு ஏ. தன்னைவிட ஒன்றரை வயது மூத்த பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து எடுத்தது. உம்மா இல்லாத வீட்டில் சமைத்துக்கொண்டே படித்த உயர்தரம். பிறகு கல்வியியற் கல்லூரி, ஆசிரியை நியமனம். கடைசியாக ஒரு சஞ்சிகையின் சிறுகதைப் போட்டியில் முதற்பரிசு. சாய்ந்தமருதுத் தையற்காரன் றாஸிக் இவ்வளவையும் திகதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தான். எல்லாம் தங்கை ஸம்றா எடுத்தவை. அவற்றில் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.

எல்லாவற்றிலும் ஹிதாயா என்றே இருந்தது. ஹிதாயா நடுப்பிள்ளை. இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் உம்மாவோடு அவளையும் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய ஜனாஸா கிடைக்கவில்லை, மரணப் பதிவும் இல்லை. முதலாம் வகுப்பில் சேர்க்கக் கொடுத்திருந்த அவளுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் கடல் எட்டாத சம்மாந்துறையில், பள்ளிக்கூட அதிபரின் வீட்டில் நனையாமல் இருந்தது. ஸம்றா வயல் நடுவே வாடிக் குடிசையில் பிறந்தவள். அவளைப் பதிவதை "பிறகு பார்ப்பம்" என்று வாப்பா நாலு வருடம் தள்ளிப்போட்டிருந்தார்.

தறப்பாள் கூடாரத்தில் பள்ளிக்கூடம் திறந்த அன்று அதிபர் பெயர் இடாப்பைப் பார்த்து "ஹிதாயா" என்று கூப்பிட்டார். ஸம்றாவின் கையைப் பிடித்திருந்த வாப்பா "ஓம்" என்றார். பக்கத்தில் நின்ற றாஸிக் வாய் திறக்கவில்லை.

பரிசு பெற்ற கதை, கடலில் போன ராத்தாவின் பெயரில் வாழும் ஒருத்தியைப் பற்றியது. தான் யாரென்று யாராவது வந்து சொல்வார்கள் என்று அவள் கடைசிவரை காத்திருக்கிறாள். யாரும் வருவதில்லை.

கதை வெளிவந்த மூன்றாம் நாள், காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் "உங்கட தங்கச்சிட கதைல வாற புள்ள ஆரு?" என்று கேட்டார். அடுத்த கிழமை கடைக்கு எதிரே ஒருவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கல்வி அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் முறையிட்டு ஒரு பெட்டிசம் போனது. பிறப்புச் சான்றிதழோடு விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்தது.

"கதைதானே புள்ள. எல்லாம் கற்பனையெண்டு கையெழுத்து வெச்சிட்டு வா," என்றான் றாஸிக்.

"ஆருட கையெழுத்து, காக்கா?" என்று அண்ணனைக் கேட்டாள் ஸம்றா.

"விளையாடாத. வேலை போகும். பொலிசுக்கும் போகும்."

"எனக்குச் சட்டை தைக்கக்குள்ள ராத்தாட அளவையா எடுத்தீங்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "எழுதி முடிச்ச பிறகு எனக்குக் கதைல வாற அவளில கோவம் வந்திச்சி. ஒருத்தரும் வரமாட்டாங்க எண்டு தெரிஞ்சும் ஏன்டி குந்திக்கிட்டு இருக்காய் எண்டு."

விசாரணை அதிகாரி அன்பாகவே கதைத்தார். அதுதான் கூடப் போயிருந்த றாஸிக்கைப் பயமுறுத்தியது. கதை வெறும் கற்பனை என்ற மறுப்புக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

"கீழ ஹிதாயா எண்டு வைங்க, டீச்சர். கோப்ப மூடிருவம்."

அறை அமைதியானது. அன்று கடல் உள்வாங்கியபோதும் இப்படித்தான் ஒரு சத்தமும் இருக்கவில்லை.

ஸம்றா கடிதத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தில் நடந்ததை எட்டு வரியில் எழுதினாள். அதை வாசித்த அதிகாரியின் முகம் மாறியது.

"நாளைலருந்து பள்ளிக்கூடம் போகாதீங்க. இனி என்னால ஒண்டும் செய்ய ஏலா." பிறகு றாஸிக்கைப் பார்த்தார். "இவ ஸம்றாதானா?"

"ஓம்," என்றான் றாஸிக், இருபது வருடம் பிந்தி.

அவள் மறுபடி பேனையை எடுத்தாள். எழுதிப் பழக்கமில்லாத பெயர், எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையுடையதுபோலச் சரிந்தது. ஸம்றா முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்து வைத்தது செவ்வாய்க்கிழமை, 2025 ஜூன் 17.