சோறு ஆயிடுச்சுன்னு உங்க நைனாண்ட சொல்லு

ராட்டர்டாம் நகரத்தில் நான் குடியிருக்கும் மூன்றாவது மாடியிலிருந்து, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் என் நைனாவைச் சாப்பிடக் கூப்பிடுவது மூன்று ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே நான் பல் துலக்கிக்கொண்டிருப்பேன். அங்கே மதியம். அம்மா வீடியோவில் வருவாள்.

"உங்க நைனாண்ட சொல்லு, சோறு ஆயிடுச்சுன்னு."

நைனா அவள் முதுகுக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில் வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே தெரியும்.

"நைனா, சோறு ஆயிடுச்சாம்."

"இன்னா கொயம்புன்னு கேளு."

"இன்னா குழம்பாம்மா?"

"மூக்கு கீதுல்ல, மோந்து பாக்கச் சொல்லு."

இப்படி ஒரு சாப்பாடு நடப்பதற்கு என் செய்தி கடல் தாண்டிப் போய்வர வேண்டும். அம்மா அவருக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள், காய்ச்சல் என்றால் கஷாயம் வைப்பாள். பேச மட்டும் மாட்டாள். நான் அழைக்காத நாட்களில் பக்கத்து வீட்டு அத்தை மூலம் பேசினார்கள். அத்தையும் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் பேசினார்கள்.

இந்த மௌனத்துக்குக் காரணம் நான். அதை அம்மாவுக்குச் சொல்லாமல் இருந்ததும் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேற்றில் முழங்கால் புதைய நண்டு பிடித்தவள், இங்கே ஆற்றுச் சேற்றைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அம்மா கத்திவாக்கம் மார்க்கெட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்ததும், நைனா பைபர் படகில் விடிவதற்கு முன் போனதும் எனக்காகத்தான். ஆனால் அம்மாவின் அண்ணனுக்கு ஒரு பையன் இருந்தான். முறைப் பையன். நான் கல்லூரி முடித்ததும் அவனுக்குத்தான் என்று குப்பமே பேசிக்கொண்டிருந்தது. அம்மாவைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர் அந்த அண்ணன். அவர் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

இங்கே மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது நைனாவிடம் மட்டும் சொன்னேன். நான் ஏழாவது படிக்கும்போது அவருக்குச் சொல்லிக்கொடுத்த கையெழுத்தை எல்லாப் படிவங்களிலும் நிதானமாகப் போட்டார். "அம்மாண்ட சொல்லிடலாமே" என்றார். விசா வரட்டும் என்றேன். மூன்று மாதம் மறைத்தோம். விசா வந்த வாரமே மாமா தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நைனா எல்லார் முன்னாலும் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மாமா அம்மாவைப் பார்த்து, "ஒனக்குத் தெரியுமா இது?" என்றார். காபி டம்ளர்களோடு நின்ற அம்மா, தன் பெண்ணைப் பற்றித் தனக்கே தெரியாது என்று கூடப் பிறந்தவன் எதிரில் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றோடு நைனாவிடம் பேச்சை நிறுத்தினாள். அவர்தான் மறைத்தார், அவர்தான் என்னையும் வாய் திறக்கவிடாமல் செய்தார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எனக்கு விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் மே மாதம் இருவரையும் மூன்று வாரம் இங்கே வரவழைத்தது ஊர் சுற்றிக் காட்டுவதற்கு என்று குப்பத்தில் எல்லாரும் நினைத்தார்கள். நான் அவர்களை உட்காரவைத்து உண்மையைச் சொல்வதற்கு வரவழைத்தேன். போனில் சொல்லும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

விமான நிலையத்தில் அவர்களோடு சேலத்துக்காரர் ஒருவரும் வெளியே வந்தார். நடுத்தர வயது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று பேர் இருக்கையில் இவருக்கு நடு இடம் கிடைத்திருக்கிறது. "உங்கப்பாவுக்கு ஜன்னலை மூடணுமாம், அம்மாவுக்குத் திறக்கணுமாம். பத்து மணி நேரம் என்னை வச்சே பேசிக்கிட்டாங்க. இனிமே நீங்க பார்த்துக்குங்கம்மா" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் என்னைத் தபால்காரி ஆக்கக் கூடாது. இருவரும் தலையாட்டினார்கள். அம்மா குளிர்சாதனப் பெட்டியிடம் பேசத் தொடங்கினாள். "சொட்டர் போடாம வெளிய போனா ஜல்ப்பு புடிக்கும்" என்று அதன் கதவைப் பார்த்துச் சொல்வாள். நைனா தண்ணீர் கொதிக்கவைக்கும் ஜாடியிடம், "எனக்குக் குளுரல" என்பார்.

ஊர் சுற்றுவதில் குறையில்லை. ஒரு காலத்தில் மாவரைத்த காற்றாலையைப் பார்த்து அம்மா, "இத்தாம் பெருசா சுத்துதே, மாவு எங்க?" என்றாள். மீன் கடையில் எல்லாம் தலை வெட்டி, தோல் உரித்து, ஐஸ் மேல் அடுக்கியிருந்தது. "தல இல்லாத மீனு. கண்ணப் பாக்காம எத்தினி நாளாச்சுன்னு எப்டிக் கண்டுபுடிப்பாங்க?" என்று கடைக்காரரிடமே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு ஒரு துண்டு பச்சை ஹெர்ரிங் மீனை வெங்காயத்தோடு நீட்டினார். அம்மா அதை வாங்கிக் கடைக்காரர் முகம் கோணாமல் இருக்க முழுதாகத் தின்றாள். பிறகு அரை லிட்டர் தண்ணீர் குடித்தாள்.

நைனா ஒரு நாளும் வழி தவறவில்லை. கடலில் இருக்கும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துக் கரையைப் பிடிக்கும் பழக்கம். இங்கே பெரிய பாலத்தின் வெள்ளைத் தூணையும் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் மனதில் வைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்தா நம்ம வூடு" என்றார். என் கைபேசி வரைபடம் திணறிய சந்திலும் அவர் முன்னால் நடந்தார். ஆற்றின் மறுகரையில் எண்ணெய்த் தொட்டிகளும் எரியும் குழாயும் தெரிந்தபோது, "மணலியாட்டமே கீது. நாத்தம் மட்டும் காணோம்" என்று எண்ணூருக்குப் பக்கத்து எண்ணெய் ஆலையை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

நான் சொல்ல முயன்றேன். படகுச் சவாரியில் ஒரு முறை, "அம்மா, அன்னிக்கி மாமா வந்தப்ப…" என்று ஆரம்பித்தேன். நைனா உடனே எழுந்து நின்று அக்கரையில் கொக்கைக் காட்டினார். இரண்டாவது முறை கடற்கரையில். குளிர்காற்றில் மணல் பறந்தது. அம்மா கிளிஞ்சல் பார்க்கக் கொஞ்சம் தள்ளிப் போனதும் நைனா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாத பாப்பா."

"எத்தனை நாளைக்கு நைனா?"

"என் மேல கோவமா இருந்தாலும் எனக்கு சோறு போட்டுகினுதான் கீறா. நான் துன்னுடுவேன். ஒன் மேல கோவமாயிட்டா நீ இங்க தனியா எப்டித் துன்னுவ?"

அவர் சொன்னதை ஒரு வாரத்துக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் எனக்கு விடுமுறை முடிந்தது. செவ்வாய்க்கிழமை அவர்களை வீட்டில் விட்டுவிட்டு ஆய்வகம் போனேன். பகல் பதினொன்றுக்குத் தெருமுனைப் பாலத்தில் மணி அடித்திருக்கிறது. ஒரு பாய்மரப் படகு வர, தார்ச்சாலையோடு பாலம் அப்படியே மேலே எழும்பியிருக்கிறது. நைனா ஜன்னலில் இதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். அவர் எதற்கு ஓடுகிறார் என்று கேட்க முடியாத அம்மாவும் பின்னாலேயே ஓடினாள். குளிர்காற்று உள்ளே போகாமல் இருக்க நைனா திரும்பி வந்து கதவை இழுத்துச் சாத்தினார். எங்கள் குப்பத்தில் கதவு சாத்துவது படுக்கப் போகும்போதுதான். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவை அவர்கள் கண்டதில்லை. சாவியும் போனும் உள்ளே.

பாலம் இறங்கியது. திரும்பி வந்தார்கள். யாரோ வெளியே போகும்போது கீழ்க் கதவு திறக்க, மாடி ஏறி, பூட்டிய கதவின் முன்னால் படிக்கட்டில் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து எதிர் வீட்டு அம்மாள் கடைக்குப் போய் வந்தவர் பார்த்திருக்கிறார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்ச் சமையலறையில் உட்காரவைத்தார். என் எண் அவரிடம் இல்லை.

ஐந்து மணிக்கு நான் வந்தபோது எதிர் வீட்டுக்குள் ஒரே பேச்சுச் சத்தம். அம்மா அந்த அம்மாளைப் பார்த்து, "இந்தாம்மா, காபி ஆறுது, அவரக் குடிக்கச் சொல்லு" என்றாள். நைனா அதே அம்மாளிடம், "நாலு கப்பு ஆயிடுச்சு, வயிறு தாங்காதுன்னு சொல்லு" என்றார். அவர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு நைனாவுக்கு ஐந்தாவது காபி ஊற்றினார். என்னைக் கண்டதும், உன் பெற்றோர் எவ்வளவு கலகலப்பானவர்கள், மதியத்திலிருந்து என்னோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார்.

அம்மா என்னிடம் பொரிந்தாள். "உங்க நைனா செஞ்ச வேலயப் பாரு. ஒரு வார்த்த கேக்காம கதவ இஸ்து சாத்திட்டாரு. கேக்காம செய்யறதே இவுருக்குப் பொயப்பு. அன்னிக்கி எங்கண்ணன் எதிர்ல நிக்க வச்சாரு, இன்னிக்கி படியில குந்த வச்சாரு."

"ஆமா, என் தப்புதான்னு சொல்லு" என்றார் நைனா.

கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குச் சொல்லாமல் போனவள் நான். அவர் அதையும் வாங்கித் தன் மேல் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை நிற்க என்னால் முடியவில்லை.

"கதவு பத்தி நான்தாம்மா சொல்ல மறந்தேன். அன்னிக்கி மறைச்சதும் நான்தான். நைனா முதல் நாளே உன்கிட்ட சொல்லணும்னாரு. நான் வாணாம்னேன்."

நைனா காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேசைத்துணியின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"ஏன்?"

"நீ மாமாண்ட சொல்லிடுவன்னு நெனச்சேன். அவரு வாணாம்னா நீயும் வாணாம்னுவன்னு."

"நீ கேக்கவே இல்லியே" என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எந்திரிய்யா, வூட்டுக்குப் போலாம். காலு மரத்துப் போச்சா?" என்றாள்.

நைனா தலையைத் திருப்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நான் என் அறையில் இருந்தேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஒன் பொண்ணாண்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு." நைனா கதவைத் தட்டி, ஏதோ தவறு செய்தவர் போல, "சோறு ஆறுதாம்" என்றார். நான் போய்ச் சாப்பிட்டேன். நைனா பயந்ததுபோல் இல்லை. தொண்டையில் இறங்கத்தான் செய்தது, கொஞ்சம் மெதுவாக.

மிச்சமிருந்த ஐந்து நாளும் அவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காலையில் இருவரும் கிளம்பிப் போய்ப் பாலத்தடியில் உட்கார்ந்து, படகு வருமா என்று பார்த்தார்கள். "ஒரு போட்டுக்காவ ரோட்டையே தூக்கறான்யா" என்று அம்மா சொல்ல, "அதான் நானும் அன்னிக்கி ஓடினேன்" என்று நைனா சொல்ல, மூன்று வருடப் பேச்சு அவர்களிடம் தேங்கிக் கிடந்தது. யார் வீட்டில் யார் யாருடன் சண்டை, எந்தப் படகை யார் விற்றார்கள் என்று ஒரே குப்பத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே ஒருவருக்கொருவர் சொல்லாத செய்திகள். சனிக்கிழமை நைனா என்னிடம் தனியாக வந்து, "வாயே மூட மாட்றா, பேஜாரா கீது பாப்பா" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

விமான நிலையத்தில் அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "காதுக்குத் துணி கட்டிக்கச் சொல்லுய்யா இவளை" என்று நைனாவிடம் சொல்லிக்கொண்டேதான் செய்தாள்.

இதை எழுதும் இன்று நான்கு மாதம் ஆகிவிட்டது. அம்மா இன்னும் என்னிடம் நேராகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனைப் பிடிப்பது நைனா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டு, நான் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று அவரை விட்டுக் கேட்பாள்.

போன மாதம் என் அலுவலகத்தில் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு வேலையை நீட்டித்துத் தருவதாகச் சொன்னார்கள். முன்பென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குச் சொல்லியிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நைனாவிடம், "அம்மாகிட்ட கேளுங்க. நான் இருக்கட்டுமா, வந்துடட்டுமான்னு" என்றேன்.

நைனா கேட்டார். மீன் ஆய்ந்துகொண்டிருந்த கத்தி நின்றது. அம்மா போனைப் பார்க்கவில்லை, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரோசன பண்ணி சொல்றேன்னு சொல்லு" என்றாள்.

மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். என் மேலதிகாரி நேற்றும் வந்து, முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி, வந்ததும் சொல் என்று போனார்.